கேரட் இலை கருகுகிறதா? மருந்துக்கு முன் ஈரக் கணக்கைப் பாருங்கள்

பெங்களூர் காய்கறிக் கடைகளில் கேரட் மூன்று பெயரில் விற்கிறது. ஊட்டி கேரட், நாட்டி கேரட், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்திறங்கும் சிவப்பு டெல்லி கேரட். நாட்டி என்பது பெரும்பாலும் மாலூர், கோலார், சிக்கபள்ளாபூர், ஹொஸ்கோட்டை சுற்றுவட்டாரத்தில் விளைந்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேறி கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு வந்து சேர்வது. ஆனேக்கல், அத்திப்பள்ளி வழியாக ஓசூர் வரை நீளும் இந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகளும் குத்தகைக்காரர்களும் கணிசமாக இருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபர் வந்தால் எல்லோருக்கும் ஒரே புகார்தான்: இலை கருகுது.

இந்த ஒரு வரியை மட்டும் சொல்லி மருந்துக்கடையில் நின்றால் கையில் கிடைப்பது ஏதோ ஒரு பொடி. வேலை செய்தால் அதிர்ஷ்டம். ஏனென்றால் கேரட் இலையைக் கெடுப்பவை இங்கே குறைந்தது நான்கு. ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வரும் இலைக்கருகல், செர்கோஸ்போரா பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி, எரிசைஃபி என்ற பூஞ்சையால் வரும் சாம்பல் நோய், இவற்றோடு பூஞ்சையே அல்லாத சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கருகல். ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்ற எல்லாவற்றையும் தொடாது. ஒன்றை அடக்கும் நீர்ப்பாசனம் இன்னொன்றுக்கு விருந்து வைக்கும்.

இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம்: இலை ஒரு நாளில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பது.

ஈரத்தின் கணக்கு

ஆல்டர்னேரியாவின் வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய தூள், கேரட் விதை அல்ல) இலைமேல் விழுந்தாலே நோய் வந்துவிடாது. அது முளைத்து இலைக்குள் நுழைய, இலைமேல் நீர்ப்படலம் 8 முதல் 12 மணி நேரம் விடாமல் நிற்க வேண்டும். வெப்பம் 16 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் அதற்கு வசதி. 28 டிகிரி வரை இன்னும் வேகமாக வளரும். செர்கோஸ்போராவுக்கும் ஏறக்குறைய 12 மணி நேர ஈரம் தேவை. சாம்பல் நோய் இதற்கு நேர் எதிர். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், இலைமேல் தண்ணீர் நின்றால் அதன் வித்துக்கள் ஒழுங்காக முளைப்பதில்லை.

இதைப் பெங்களூரின் வானிலையோடு சேர்த்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். செப்டம்பர், அக்டோபரில் பகலில் 28 டிகிரி, இரவில் 19, 20. மழை பெரும்பாலும் மாலை 4 மணிக்கு மேல்தான் இடியோடு கொட்டும். அப்படி நனைந்த இலை அன்றிரவு காய வழியே இல்லை. மறுநாள் காலை 8, 9 மணிக்கு வெயில் ஏறித்தான் உலரும். ஆக ஒரே ஒரு மாலை மழை 14 மணி நேர ஈரத்தைக் கொடுத்துவிடுகிறது. காலையில் பெய்யும் மழையென்றால், அளவு அதே ஆனாலும் இத்தனை சேதம் வராது. மழைமானியைப் பார்ப்பதைவிட மழை வந்த நேரத்தைக் குறித்துவைப்பது இந்த ஊருக்கு உபயோகமானது.

டிசம்பர், ஜனவரியில் மழை நின்றுவிடும், ஆனால் பனி கொட்டும். கேரட்டின் சீப்புப் போன்ற இலை பனித்துளியைப் பிடித்துவைத்துக்கொள்வதில் கெட்டி. மழையே இல்லாமல் கருகல் தொடர்ந்தால் காரணம் அதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரவுப் பனியும் குறைந்து பகல் 33, 34 டிகிரிக்குப் போகும்போது ஆல்டர்னேரியா அடங்கி, சாம்பல் நோயின் காலம் தொடங்குகிறது.

மழையும் பனியும் நம் கையில் இல்லை. பாசனம் இருக்கிறது. இந்தப் பகுதியில் கேரட்டுக்கு ஸ்பிரிங்ளரும் ரெயின் பைப்பும் (மழைபோல் தெளிக்கும் துளைக்குழாய்) பரவலாகிவிட்டன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த அவை நல்ல ஏற்பாடு. தகராறு நேரத்தில்தான். மாலை 6 மணிக்கு ஓடவிட்டால், மழையே பெய்யாத நாளிலும் மாலை மழைக்குச் சமமான ஈரத்தை நாமே உண்டாக்கிவிடுகிறோம். காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு நிறுத்தினால் இலை எப்படியும் பனியில் நனைந்திருக்கும் நேரத்தோடு இது சேர்ந்துகொள்கிறது. கூடுவது 2 மணி நேரம்தான்.

"மூணு பேஸ் கரண்டே ராத்திரிதான் வருது, நாங்க என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் சொல்வதும் நியாயம். இரவில்தான் ஓட்ட முடியும் என்றால் மாலையிலும் முன்னிரவிலும் ஓட்டாமல் பின்னிரவு 3 மணிக்கு மேல் ஓட்டுங்கள். அதற்குள் பனி இறங்கி இலை நனைந்திருக்கும். ஈரமான இலையை மேலும் நனைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. காய்ந்திருந்த இலையை முன்னிரவில் நனைப்பதுதான் தப்பு. நள்ளிரவோடு கரண்ட் நின்றுவிடும் முறை வரும் வாரங்களில், ஒரு சின்டெக்ஸ் தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ நீரை ஏற்றிவைத்துக் காலையில் சிறிய மோட்டாரால் விடுவது செலவு வைக்கும். ஆனால் மழைக்காலப் பயிரில் இரண்டு முறை மருந்தடிக்கும் கூலியும் விலையும் மிச்சமானால் அந்தச் செலவு திரும்பிவிடும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆனால் முளைப்பு ஒரே சீராக வர முதல் 15, 20 நாள் அவர்களும் மேலிருந்து தெளித்தாக வேண்டும். அந்தப் பருவத்தில் இலை சிறிது, காற்றோட்டம் தாராளம். பயப்பட வேண்டியதில்லை.

எது எது என்று எப்படித் தெரியும்?

ஆல்டர்னேரியா கிழவர்களைத்தான் முதலில் பிடிக்கும். தரையை ஒட்டிய முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் கரும்பழுப்பு அல்லது கறுப்புத் திட்டுக்கள், ஒழுங்கற்ற உருவம், சுற்றிலும் மஞ்சள் வளையம். திட்டுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு இலையில் சுமார் 40 சதவீதப் பரப்பை எடுத்துக்கொண்டதும் இலை முழுதும் மஞ்சளாகிச் சுருண்டு விழும். இலைக்காம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் வந்தால் நிலைமை முற்றிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் நெருப்பு வைத்ததுபோல் இருக்கும். வித்து நுழைந்து 8 முதல் 10 நாளுக்குப் பிறகே புள்ளி கண்ணுக்குத் தெரியும். இன்று தெரியும் புள்ளி போன வாரத்துக்கும் முந்தைய மழையின் வேலை.

செர்கோஸ்போரா இளம் இலைகளை விரும்பும், பயிரின் வயதிலும் முந்திக்கொண்டு வரும். புள்ளி சிறியது, ஏறக்குறைய வட்டம். நடுவில் சாம்பலோ வெளிர்பழுப்போ நிறத்தில் காய்ந்த பகுதி, விளிம்பு கருத்திருக்கும். இலை ஓரத்தில் வந்தால் வட்டமாக வளர இடமில்லாமல் நீண்டு, இலையை ஒரு பக்கமாகச் சுருட்டும். 35, 40 நாள் பயிரில் நடுக்குருத்தை ஒட்டிய இலையில் புள்ளி இருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

சாம்பல் நோயில் குழப்பமில்லை. திருநீறு தூவியதுபோல் வெள்ளைப் பொடி, விரலால் துடைத்தால் வரும். அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். அதிகம் குழப்புவது பாக்டீரியாக் கருகல்தான். அது ஆல்டர்னேரியாவைப் போலவே பழுப்புத் திட்டும் மஞ்சள் வளையமும் காட்டும். வேறுபாடு: திட்டு தொடங்கும்போது தண்ணீரில் ஊறியது போன்ற மினுமினுப்பு, காம்பில் பிசுபிசுவென்று ஒட்டும் பழுப்புக் கசிவு.

கண்ணால் முடிவு செய்ய முடியாதபோது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றில் டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். அதன்மேல் இரண்டு தீக்குச்சிகளை வைத்து, இலை ஈரத்தாளில் படாதபடி புள்ளியுள்ள இலைகள் நான்கைந்தை அடுக்குங்கள். மூடி, அறை வெப்பத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் 2 நாள் வையுங்கள். பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பாருங்கள். புள்ளிமேல் கறுத்த வெல்வெட்டு ரோமம் எழுந்திருந்தால் ஆல்டர்னேரியா. வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மென்மையான படர்வு என்றால் செர்கோஸ்போரா. ரோமமே இல்லாமல் சொதசொதவென்று கசிந்திருந்தால் பாக்டீரியாவை நினைக்க வேண்டும். அதை உறுதிசெய்ய, புதிதாகப் பறித்த இலையின் புள்ளி விளிம்பைப் பிளேடால் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் கலந்ததுபோல் மெல்லிய இழை இறங்கினால் பாக்டீரியாதான்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஹெசரகட்டாவிலுள்ள ஐஐஎச்ஆருக்கோ (இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) ஜிகேவிகே வளாகத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ மாதிரி எடுத்துப் போகலாம். முழுதாகக் கருகிய இலையைக் கொண்டுபோகாதீர்கள். செத்த இலையில் எல்லாப் பூஞ்சையும் குடியேறியிருக்கும், எது கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. புள்ளி தொடங்கியதும் பாதி பரவியதுமாகப் பத்து இலை, செய்தித்தாளில் சுற்றி, பறித்த அன்றே. ஈர பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். கோலார் பக்கம் தக்காளியில் வரும் இலைக்கருகலும் ஆல்டர்னேரியா இனம்தான். அதனால் தக்காளி வயலிலிருந்து கேரட்டுக்கு நோய் தாவிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தாவாது. தக்காளியில் வருவது வேறு சிற்றினம். கேரட்டைத் தாக்கும் சிற்றினத்துக்குத் தக்காளி வேண்டாத பொருள். தக்காளிக்குப் பின் கேரட் போடுவது இந்த நோயைப் பொறுத்தவரை நல்ல சுழற்சியே. வேர்முடிச்சு நூற்புழுவைப் பொறுத்தவரை நல்லதல்ல, அது தனிக்கதை.

எங்கிருந்து வருகிறது

மூன்று வழி. விதை, பழைய பயிரின் கழிவு, பக்கத்து வயல்.

ஆல்டர்னேரியாவும் செர்கோஸ்போராவும் பாக்டீரியாவும் விதையோடு வரும். இதன் அளவை ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். ஒரு கிராமில் சுமார் 800 கேரட் விதை. ஏக்கருக்கு 2 கிலோ விதைத்தால் 16 லட்சம் விதை. ஆயிரத்துக்கு ஒன்றில் மட்டும் நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம், ரொம்பச் சுத்தமான விதை என்றுதான் தோன்றும். ஆனால் அது 1,600 விதை. அதில் பாதி முளைக்காமலே மடிந்தாலும் 800 நோய்ச்செடி, அதாவது ஏறக்குறைய 54 சதுர அடிக்கு ஒன்று. வயலின் எந்த மூலையும் தப்பாது.

சொந்தமாக எடுத்த விதை, சந்தையில் உதிரியாக வாங்கிய விதை என்றால் வெந்நீர் நேர்த்தி செய்துவிடுவது நல்லது. 50 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். 100, 150 கிராம் விதையை மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டுங்கள். முதலில் 38 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் முக்கினால் விதைக்கிடையிலுள்ள காற்றுக் குமிழி வெளியேறும், பிறகு 50 டிகிரிப் பாத்திரத்துக்கு மாறும்போது வெப்பம் விழாது. பெரிய பாத்திரம், குறைந்தது 10 லிட்டர். கண்ணாடித் தெர்மாமீட்டர் நீருக்குள்ளேயே இருக்கட்டும். அடுப்பை ஏற்றி இறக்குவதைவிட, வெப்பம் குறையும்போது பக்கத்தில் வைத்திருக்கும் கொதிநீரை ஒரு கரண்டி ஊற்றிக் கலக்குவது எளிது. 20 நிமிடம் ஆனதும் உடனே பச்சைத் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு, நிழலில் தாளின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். 48 டிகிரிக்கு இறங்கினால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், 53க்கு ஏறினால் முளைப்புத்திறன் விழத் தொடங்கும். பழைய விதைக்கு இந்தச் சூடு தாங்காது. எனவே முதலில் 100 விதையை மட்டும் நேர்த்தி செய்து, நேர்த்தி செய்யாத 100 விதையோடு ஈரத்துணியில் முளைக்கவைத்து 10 நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் மொத்த விதையையும் செய்யலாம். கம்பெனி டப்பாவில் வண்ணம் பூசி வரும் விதையை வெந்நீரில் போடக்கூடாது. அதன்மேலிருக்கும் மருந்து கரைந்துபோகும். வெந்நீருக்குப் பின் கிலோவுக்கு 3 கிராம் தைரம் கலந்து விதைத்தால் மண்ணிலிருக்கும் நாற்றழுகல் பூஞ்சைகளிடமிருந்தும் பாதுகாப்பு.

கழிவு விஷயத்தில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. கேரட்டைப் பிடுங்கி, வரப்பிலேயே இலையைத் திருகிப் போட்டுவிட்டு, கிழங்கை மட்டும் கழுவ எடுத்துப்போவார்கள். அந்த இலைக்குவியல் மூன்று மாதம் வரப்பிலேயே கிடக்கும். அது முழுதாக மக்கும்வரை பூஞ்சை அதில் உயிரோடிருக்கும். மாட்டுக்குப் போடலாம், மருந்தடித்த பயிரென்றால் மருந்து லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கடந்திருக்க வேண்டும். அல்லது அன்றே வயலில் பரப்பி ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணுக்குள் புதைக்கலாம். மண்ணுக்குள் போன இலை சீக்கிரம் மக்கும், மக்கினால் பூஞ்சைக்கு வாழ இடமில்லை. அதன்பின் 2 வருடம் அந்த நிலத்தில் கேரட் வேண்டாம்.

இரண்டு வருட இடைவெளியில் கொத்தமல்லியும் சப்பசிகெ சொப்பும் (சதகுப்பைக் கீரை) போட்டு, பயிரை மாற்றிவிட்டதாக நிம்மதியடைவது பெங்களூர்ச் சுற்றுவட்டாரத்துக்கே உரிய தப்பு. இரண்டும் கேரட்டின் குடும்பம். கேரட்டின் நோய் எல்லாம் அவற்றில் வரும் என்பதல்ல, ஆனால் தானாக முளைத்த கேரட் செடிகள் அந்தக் கீரைக்குள் மறைந்து நிற்கும், களையெடுப்பவர் கண்ணுக்கே தெரியாது. கேழ்வரகு, சோளம், பீன்ஸ், கோஸ் ஆகியவை தேவலை.

பக்கத்து வயல் நம் கையில் இல்லை என்றாலும், நம்முடைய வயல்களுக்குள்ளேயே வரிசையை மாற்றலாம். மார்க்கெட்டுக்கு விடாமல் அனுப்ப, 15, 20 நாள் இடைவெளியில் துண்டு துண்டாக விதைப்பது வழக்கம். அப்போது முதிர்ந்த துண்டு இளந்துண்டுக்கு வித்து அனுப்பும். ஈர இரவுக்குப் பின் வெயில் ஏறி இலை காயும் நேரத்தில் வித்துக்கள் பிரிந்து காற்றில் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்று மேற்கிலிருந்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து. ஆகவே தென்மேற்குப் பருவத்தில் புதுத் துண்டைப் பழைய துண்டின் மேற்கே வையுங்கள், குளிர்காலத்தில் கிழக்கே. காசு செலவில்லாத ஏற்பாடு, ஆனால் செய்பவர்கள் குறைவு.

பட்டினியும் நெருக்கமும்

தழைச்சத்து கூடினால் நோய் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேரட்டில் அது பாதி உண்மை. சாம்பல் நோய்க்குப் பொருந்தும். ஆல்டர்னேரியாவுக்குத் தலைகீழ்: தழைச்சத்து போதாமல் வெளுத்து, வயதாகத் தொடங்கிய இலைதான் அதற்குச் சுலபம். இந்தப் பகுதியின் செம்மண் மணற்பாங்கானது. செப்டம்பர் மழையில் யூரியா கீழே இறங்கிப் போய்விடும். அடியுரமாகப் பாதி, 30ஆம் நாள் பயிர் கலைக்கும்போது (நெருக்கமான செடிகளைப் பிடுங்கி இடைவெளி விடும்போது) மீதி என்ற வழக்கமான கணக்கு கோடைப் பயிருக்குச் சரி. மழைக்காலத்தில் அந்த மொத்த அளவையே மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கை 50 முதல் 55ஆம் நாளுக்குள் கொடுத்தால் அடி இலை வெளுக்காமல் நிற்கும். அதற்குமேல் தள்ளினால் இலை மட்டும் செழித்துக் கிழங்கு பிந்தும்.

கைவிதைப்பாகத் தூவியவர்கள் பயிர் கலைப்பதில் மனம் இளகக் கூடாது. செடிக்குச் செடி 5 முதல் 8 செ.மீ. இல்லாவிட்டால் 50ஆம் நாளுக்குப் பின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று மூடி, அடியில் நண்பகல்வரை ஈரம் நிற்கும். மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், கையை உள்ளே விட்டுப் பார்த்தால் நனையும். ரகத்தைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு. குரோடா வகைகள் ஆல்டர்னேரியாவை நான்டீஸ் வகைகளைவிட நன்றாகத் தாங்கும். ஐஐஎச்ஆர் வெளியிட்ட அர்கா சூரஜ் சாம்பல் நோயை வயலில் ஓரளவு தாங்கக்கூடியது, கோடையை ஒட்டிய விதைப்புக்கு யோசிக்கலாம்.

மருந்து: எப்போது, எது, எவ்வளவு

வாரத்துக்கு ஒன்று என்று காலண்டரைப் பார்த்து அடிப்பது வீண். வயலில் கோணல்மாணலாக நடந்து, 50 செடியில் செடிக்கு ஒரு நடுவயது இலை பறியுங்கள். அடி இலையும் வேண்டாம், குருத்தும் வேண்டாம். 50இல் 12, 13 இலைகளில், அதாவது நான்கில் ஒரு பங்கில், ஒரு புள்ளியாவது இருந்தால் தொடங்கலாம். அதற்குக் கீழே என்றால் 5 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். வானிலை அறிக்கை தொடர் மாலை மழையைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம்.

ஆல்டர்னேரியாவுக்கும் செர்கோஸ்போராவுக்கும் முதல் தெளிப்பு மேலோடு நிற்கும் மருந்தாக இருக்கட்டும்: மாங்கோசெப் 75 சதவீதப் பொடி அல்லது குளோரோதலோனில் 75 சதவீதப் பொடி, எதுவானாலும் லிட்டருக்கு 2 கிராம். பயிர் மூடிய வயலுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வேண்டும், ஆக 400 கிராம். 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். இவை இலைக்குள் போகாது. வித்து நுழைவதற்கு முன் இலைமேல் இருந்தால்தான் பயன். பலத்த மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும்.

நோய் முந்திவிட்டால் இலைக்குள் ஊடுருவும் மருந்து: அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம் லிட்டருக்கு 1 மி.லி., அல்லது டைஃபெனகோனசோல் 25 சதவீதம் லிட்டருக்கு அரை மி.லி. இவற்றில் ஒன்றையே அடுத்தடுத்து அடிக்காதீர்கள். இந்த வகை மருந்துகள் பூஞ்சையின் ஒரே ஒரு இயக்கத்தைத் தாக்குபவை. பூஞ்சை பழகிக்கொண்டால் அப்புறம் இரட்டை அளவு ஊற்றினாலும் கேட்காது. ஒரு பயிருக்கு இரண்டு முறைக்குமேல் வேண்டாம், இடையில் மாங்கோசெப் வரட்டும். இடைவெளி 10 முதல் 14 நாள்.

கார்பென்டாசிம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கடையிலும் முதலில் நீட்டப்படுவது அதுதான். ஆல்டர்னேரியாவுக்கு அது வேலை செய்யாது. மாங்கோசெப்பும் அதுவும் கலந்த பொட்டலத்தில் கருகல் அடங்கினால் அந்தப் பெருமை மாங்கோசெப்புக்கு. பழைய கையேடுகளைப் பார்த்துச் சாம்பல் நோய்க்கு டைனோகாப் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2023இல் மத்திய அரசு அதைத் தடைசெய்துவிட்டது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், மலிவு, போதுமானது. வெயில் 32 டிகிரி தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலையே பொசுங்கும். மார்ச், ஏப்ரலில் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும், வெப்பம் ஏறுவது நிச்சயமென்றால் தள்ளிவைக்க வேண்டும். எண்ணெய் கலந்த எதையும் அடித்து 2 வாரம் ஆகாமல் கந்தகம் கூடாது.

பாக்டீரியா என்று உறுதியானால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் பரவலைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துவதும், ஈரமாக இருக்கும்போது ஆள் இறங்காமல் இருப்பதும் அதைவிடப் பலன் தரும்.

மருந்தை வாங்கும்போது லேபிளில் கேரட்டின் பெயர் இருக்கிறதா, அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலையோடு கட்டாகக் கட்டி விற்கும் சரக்குக்கு இது இன்னும் முக்கியம், அந்த இலையைப் பொரியலுக்கும் சட்னிக்கும் போடும் வீடுகள் உண்டு.

அளவு சரியாக இருந்தும் கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் தெளிக்கும் விதம். நோய் அடி இலையில், மருந்து மேலிலையில். கூம்பு வடிவத் தெளிப்பு முனையை (தேய்ந்து சாரை சாரையாக ஊற்றும் முனை என்றால் மாற்றிவிட்டு) இலைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து, முனையைக் கொஞ்சம் சாய்த்து, பாத்தியின் இரு பக்கமிருந்தும் அடிக்க வேண்டும். மெழுகுப் பூச்சுள்ள கேரட் இலையில் தண்ணீர் உருண்டோடும் என்பதால் ஒட்டுத் திரவம் லிட்டருக்கு அரை மி.லி. அவசியம். பொடியை நேராக டேங்கில் கொட்டாமல் ஒரு மக்கில் கூழாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கடைக்காரர் சொன்னாரென்று பொடி, திரவம், நுண்ணூட்டம் எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலப்பது, இலை பொசுங்குவதற்கும் எது வேலை செய்தது என்று தெரியாமல் போவதற்கும் நேர்வழி. பனி காய்ந்தபின் காலை 9 மணியளவில் அடிப்பது நல்லது. மாலை 5 மணிக்குமேல் அடித்தால், அந்த 200 லிட்டர் தண்ணீரே இரவு ஈரத்தைக் கூட்டும்.

அடிக்காமல் விட வேண்டிய நேரமும் உண்டு. 90 நாளைத் தாண்டிய பயிரில், அடி இலை மட்டும் கருகி நடு இலை பச்சையாக இருந்தால், அறுவடையை ஒரு வாரம் முன்கூட்டியே செய்துவிடுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். தாமதித்தால் கிழங்கு பெருக்காது, காம்பும் நைந்துபோகும். ஆட்கள் தழையைப் பிடித்து இழுக்கும்போது தழை மட்டும் கையோடு வந்து கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றையும் கடப்பாறையால் நெம்பி எடுக்க வேண்டும், ஒரு நாள் கூலி இரண்டு நாளாகும். நெம்பும்போது உடைந்த கிழங்கை மார்க்கெட்டில் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

மாடியில் பை வைத்துக் கேரட் வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி வேண்டியதில்லை. பக்கத்துச் சுவர் காற்றை மறைக்காத இடம், 12 அங்குல ஆழப் பை, செடிக்குச் செடி மூன்று விரற்கடை. தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் காலையில் மண்ணில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த அடி இலைகளைக் காம்போடு கிள்ளி எறியுங்கள், ஆனால் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிள்ளினால் கிழங்கு சிறுத்துவிடும். மேற்கூரை போட்ட மாடிகளில் மழை படாததால் கருகல் அரிது, சாம்பல் நோய்தான் தொல்லை. வெள்ளைப் பொடி ஒன்றிரண்டு இலையில் தெரிந்த அன்றே அவற்றைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலையில் ஒரு முறை, 10 நாள் கழித்து மறுமுறை. கிள்ளிய இலைகளை மாடியிலேயே இருக்கும் உரத்தொட்டியில் போட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும்.